கழுத்துக்கு ஏன் இத்தனை படங்கள்?

சில வருடங்களுக்கு முன்னர் நாம் வேலை செய்யும் கிராமமொன்றில் ஒரு குடும்பத்தலைவர் தென்னை மரத்திலிருந்து விழுந்தார். சொந்தக் காணியை விட்டு வந்து, உறவினர் வளவில் கொட்டில் போட்டு இருந்த குடும்பம் அது. தோட்டம் செய்ய நிலமில்லாததால் கூலிக்குத் தேங்காய் பறித்து வந்தார். விழுந்தவர் தானாகவே எழுந்து இருந்தார். கழுத்து நோகிறது என்று மட்டும் சொன்னார். அயலவர்கள் அவரை மோட்டார் சைக்கிளின் நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் பிடித்தபடி வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். அங்கே முதல் வேலையாக அவரது தலையைப் பிடித்தபடி மெதுவாகப் படுக்க வைத்து, கழுத்துக்குப் பட்டி போட்டார்கள். பின்னர் எக்ஸ்றே அறையில் ஐந்து தடவை படம் எடுத்தார்கள்.

அடுத்த நாள் அவரது மனைவி எம்மிடம் கேட்டார்: "ஒரு கழுத்துக்கு ஐஞ்சு படம் எடுத்தவை. ஒருக்கா கையை இழுத்துப் பிடிச்சவை. ஒருக்கா ஒரு கையைத் தலைக்கு மேலை தூக்கி வைச்சவை. ஒருக்கா வாயைத் திறக்கச் சொன்னவை. படம் எடுக்கத் தெரியாமலோ இப்படிச் செய்தவை?"

எமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் முடிவு தெரிந்திருந்தது. ஏழாவது கழுத்தெலும்பில் வெடிப்பு. அந்த வெடிப்பு, கையைத் தலைக்கு மேலே தூக்கி எடுத்த படத்தில்தான் தெரிந்தது. முதல் படத்தோடு போதும் என்று அவரை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தால், அவர் மறுநாளே பாரம் தூக்கியிருப்பார்.

அந்தத் தாயின் கேள்விக்கு உரிய விடையை எக்ஸ்றே எடுப்பவர்களிடமும் வைத்தியர்களிடமும் கேட்டறிந்து இங்கே தருகின்றோம். காரணம் தெரிந்தால் பொறுமை வரும். கழுத்து விடயத்தில் பொறுமை ஓர் உயிரையே காப்பாற்றலாம்.

கழுத்தில் என்ன இருக்கின்றது?

மனிதரின் கழுத்தில் ஏழு எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. மாட்டுக்கும் ஆட்டுக்கும் கூட ஏழுதான். ஒவ்வொரு எலும்பின் நடுவிலும் ஒரு துவாரம் உண்டு. ஏழு துவாரங்களும் சேர்ந்து ஒரு குழாய் போல அமைகின்றன. அந்தக் குழாயினுள்ளே மூளையிலிருந்து இறங்கும் முண்ணாண் செல்கின்றது. கை, கால் அசைவதும், தொட்டால் தெரிவதும், சிறுநீரை அடக்குவதும் இந்த முண்ணாணினூடாகவே நடைபெறுகின்றன. மூச்சு விடுவதற்கான கட்டளையும் கழுத்தின் மேற்பகுதியினூடாகவே இறங்குகின்றது.

எலும்பு முறிந்தால் பெரும்பாலும் பொருந்தும். முண்ணாண் அறுந்தால் மீண்டும் பொருந்துவதில்லை. இதுதான் கழுத்துக் காயத்தின் பயங்கரம். எலும்பில் வெடிப்பு ஏற்பட்டும் முண்ணாண் தப்பியிருக்கலாம். அப்படித் தப்பியவரை நாம் தூக்கும்போதோ திருப்பும்போதோ எலும்பு நழுவி முண்ணாணை நசுக்கி விடலாம். விழுந்தபோது நேராத ஊனம், உதவி செய்யும்போது நேர்ந்துவிடும்.

மரத்தடியில் செய்ய வேண்டியது

ஆகவே காயப்பட்டவரைச் சரியான முறையில் வைத்திருப்பது எக்ஸ்றே அறையில் தொடங்கும் வேலையல்ல. அது மரத்தடியிலேயே தொடங்குகின்றது. மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றுக்குள் விழுந்தவர், உழவு இயந்திரம் குடை சாய்ந்து அடிபட்டவர், ஆழமில்லாத குளத்தில் தலைகீழாகப் பாய்ந்தவர், தலையில் சுமந்த மூட்டையோடு விழுந்தவர் ஆகிய எல்லோருக்கும் கழுத்தில் காயம் இருக்கலாம் என்றே எண்ண வேண்டும்.

அவரை எழுப்பி இருத்தாதீர்கள். நடக்கச் சொல்லாதீர்கள். கழுத்தைச் சுளுக்கெடுக்கவோ தடவி நேராக்கவோ வேண்டாம். ஒருவர் தலைமாட்டில் முழந்தாளிட்டு, தலையை இருந்த நிலையிலேயே இரு கைகளாலும் பிடித்துக் கொள்ள வேண்டும். குடிக்க ஒன்றும் கொடுக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016 இல் தொடங்கப்பட்ட இச்சேவை 2018 இல் வட மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. 

அம்புலன்ஸ் வர முடியாத இடமானால், அல்லது அவர் கிடக்கும் இடத்தில் வேறு ஆபத்து இருந்தால் மட்டும், நாலைந்து பேர் சேர்ந்து, தலையைப் பிடித்திருப்பவர் சொல்லும் கணக்குக்கு, தலையும் உடலும் ஒரே மரக்குற்றி போல ஒன்றாகத் திரும்பும்படி உருட்டி, கதவுப் பலகை ஒன்றின் மேல் கிடத்துங்கள். வாந்தி எடுத்தாலும் இதே முறையில் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மூச்சுக்குழாய் அடைபடாமல் காப்பது எல்லாவற்றிலும் முக்கியம்.

நல்ல சமாரியர் வழியில் கிடந்தவரைத் தம் மிருகத்தின் மேல் ஏற்றிச் சென்றார். அந்த இரக்கத்துக்கு எமது ஊர்களில் குறைவில்லை. ஆனால் கழுத்தில் அடிபட்டவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றுவது இரக்கமாகாது. இரக்கத்தோடு நிதானமும் வேண்டும்.

எக்ஸ்றே படம் என்பது ஒரு நிழல்

ஜேர்மனியைச் சேர்ந்த றொன்ட்ஜன் என்ற விஞ்ஞானி 1895 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் கறுப்பு நிழலாகத் தெரிந்தன. எக்ஸ் கதிர் சதையினூடாக இலகுவாகப் போகும். எலும்பும் உலோகமும் அதைத் தடுக்கும். தடுக்கப்பட்ட இடத்தின் நிழலே படமாகப் பதிகின்றது.

நிழலைப் பற்றி எமது மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1990களில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள் இன்று பெற்றோராக இருக்கிறார்கள். அந்த விளக்கின் முன் கையைப் பிடித்துச் சுவரில் மான் காட்டியும் முயல் காட்டியும் விளையாடியது அவர்களுக்கு நினைவிருக்கும். கையை விளக்குக்குக் கிட்டக் கொண்டு போனால் நிழல் பெருத்து, ஓரங்கள் மங்கிப் போகும். சுவருக்குக் கிட்டக் கொண்டு போனால் நிழல் அளவாகவும் தெளிவாகவும் விழும். இரண்டு கைகளை ஒன்றன் பின் ஒன்றாகப் பிடித்தால் இரண்டின் நிழலும் ஒன்றாகிவிடும். எந்த விரல் எந்தக் கையுடையது என்று சொல்ல முடியாது.

எக்ஸ்றே அறையிலும் இந்த மூன்று விதிகளே. இயந்திரத்தின் குழாய்தான் விளக்கு. கதிரைப் பதியும் தட்டுத்தான் சுவர். கழுத்தைப் பக்கவாட்டில் படம் எடுக்கும்போது நடுவில் தோள்மூட்டு இருப்பதால் கழுத்தைத் தட்டோடு ஒட்டி வைக்க முடியாது. அதனால் நிழல் பெருக்காமல் இருக்க, விளக்கைத் தூரத்தே கொண்டு போகிறார்கள். குழாய்க்கும் தட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 180 சென்ரிமீற்றர், அதாவது ஆறடி தூரம் விடுவது வழக்கம். இன்று பல வைத்தியசாலைகளில் படம் கணினித் திரையில் தெரிகின்றது. என்றாலும் ஒரு எலும்பின் மேல் இன்னொன்றின் நிழல் விழுந்திருந்தால் கணினியாலும் அதைப் பிரிக்க முடியாது. ஆளைச் சரியாக வைத்தால்தான் படம் சரியாக வரும்.

முதலில் எடுக்கும் பக்கப் படம்

விழுந்து அடிபட்டவருக்கு முதலில் எடுக்கப்படுவது பக்கவாட்டுப் படம். இங்கே ஒரு முக்கிய விதி உண்டு. ஆளை இயந்திரத்துக்கு ஏற்பத் திருப்பக்கூடாது. இயந்திரத்தை ஆளுக்கு ஏற்பத் திருப்ப வேண்டும். அவர் மல்லாந்து படுத்தபடியே இருப்பார். கழுத்துப் பட்டியும் அப்படியே இருக்கும். குழாயைக் கிடையாகத் திருப்பி ஒரு பக்கத்தில் நிறுத்தி, மறு பக்கத்தில் தட்டை வைத்துப் படம் எடுப்பார்கள். வைத்தியர் படத்தைப் பார்த்து, நோயாளியையும் சோதித்துச் சொல்லும்வரை பட்டியைக் கழற்ற மாட்டார்கள். "வேர்க்குது, அரிக்குது, கழற்றி விடுங்கோ" என்று நோயாளி கேட்டாலும் உறவினர் அதைத் தளர்த்தக்கூடாது.

இந்தப் படத்தில் ஏழு எலும்புகளும், அவற்றின் கீழ் வரும் முதலாவது நெஞ்சு முள்ளெலும்பின் மேல் விளிம்பும் தெரிய வேண்டும். ஆறு மட்டும் தெரிந்தால் அந்தப் படம் போதாது. அடியில் உள்ள எலும்புகளைத் தோள்மூட்டின் நிழல் மறைத்துவிடுவதால், அங்குள்ள முறிவுகளே தவறவிடப்படும் அபாயம் கூடியவை.

தோட்டத்தில் மண் வெட்டி, மூட்டை சுமந்து தோள் திரண்டவர்களுக்கு இந்தச் சிரமம் மேலும் அதிகம். கழுத்து குறுகி, தோள் உயர்ந்து இருந்தால் ஆறாவது எலும்பும் மறைந்து போகும். எனவே தோளைக் கீழே இறக்குவதற்குச் சில வழிகளைக் கையாள்கிறார்கள். வைத்தியர் அனுமதித்தால், ஒருவர் நோயாளியின் இரு கைகளையும் கால் பக்கமாக மெதுவாக இழுத்துப் பிடிப்பார். அப்போது தோள் இறங்கி மறைந்த எலும்பு வெளிப்படலாம்.

அதிலும் தெரியாவிட்டால், தட்டுப் பக்கத்துக் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்து, மற்றக் கையைக் கீழே நீட்டி வைத்து எடுப்பார்கள். நீந்துபவர் ஒரு கையை முன்னே வீசுவது போல இருப்பதால் இதனை நீச்சல் நிலைப் படம் என்பார்கள். ஒரு தோள் மேலேயும் மற்றத் தோள் கீழேயும் போய்விட, இரண்டுக்கும் நடுவே அந்த அடி எலும்புகள் தெரியும். தோளிலும் காயம் உள்ளவருக்கு இப்படிச் செய்வதில்லை. கையைத் தூக்கும்போது நோவு கூடினாலோ, விரல்கள் விறைத்தாலோ உடனே சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

எமது கிராமத்தவரின் ஏழாவது எலும்பில் இருந்த வெடிப்பு தெரிந்தது இந்தப் படத்திலேதான்.

வாயைத் திறந்து எடுக்கும் படம்

முதலாவது கழுத்தெலும்பு ஒரு வளையம் போன்றது. இரண்டாவது எலும்பிலிருந்து மேல்நோக்கி ஒரு முளை எழுந்து அந்த வளையத்தினுள் நிற்கின்றது. பழைய கதவு குடுமியில் சுழல்வது போல, தலை இடமும் வலமும் திரும்புவது இந்த முளையைச் சுற்றியே. முன்பக்கத்திலிருந்து படம் எடுத்தால் தாடையும் பற்களும் இந்த முளையை மறைத்துவிடும். ஆகவேதான் வாயை அகலத் திறக்கச் சொல்கிறார்கள். திறந்த வாயினூடாகக் கதிரைச் செலுத்தி முளையைப் பார்க்கிறார்கள். மேற்பல்லின் விளிம்பும் மண்டையோட்டின் அடி விளிம்பும் ஒரே கோட்டில் வர வேண்டும். அதனால்தான் நாடியைச் சற்று உயர்த்தச் சொல்வதும் தாழ்த்தச் சொல்வதும். ஆனால் அடிபட்டவரின் தலையை அசைக்க மாட்டார்கள், குழாயையே சரிப்படுத்துவார்கள். "ஆ" என்று சொன்னால் நாக்கு கீழே படியும். அந்த நேரத்தில் எச்சில் விழுங்காதீர்கள்.

மற்ற எலும்புகளை முன்பக்கத்திலிருந்து பார்க்க, வாயை மூடி எடுக்கும் படம் வேறாக உண்டு. கழுத்தெலும்புகள் ஓட்டுக் கூரை போல ஒன்றின் மேல் ஒன்று சற்றுச் சரிந்து அடுக்கப்பட்டிருப்பதால், குழாயைத் தலைப் பக்கமாக 15 முதல் 20 பாகை வரை சரித்து இதனை எடுப்பார்கள்.

விழாதவர்களுக்கும் கழுத்து நோவு உண்டு

வருடக்கணக்காகத் தலைச்சுமை தூக்கிக் கழுத்து நோவோடு வருபவர்கள், கை விறைப்பதாகச் சொல்பவர்கள் ஆகியோருக்கு நின்ற நிலையிலோ இருந்த நிலையிலோ படம் எடுக்கலாம். பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு தோள் தட்டுப் பலகையைத் தொடும்படி நிற்க வேண்டும். நேரே பார்த்து, தாடை எலும்பு கழுத்தை மறைக்காதபடி நாடியைச் சற்று உயர்த்த வேண்டும். இரண்டு கைகளிலும் சம நிறையுள்ள பாரத்தைத் தருவார்கள். அது பலம் பார்க்கவல்ல, தோளை இறக்கவே. மூச்சை முழுவதும் வெளியே விட்டு அப்படியே நிற்கச் சொல்வதும் அதற்காகவே. மூச்சை உள்ளே இழுத்தால் தோள் உயரும். வெளியே விட்டால் இறங்கும்.

நரம்புகள் வெளிவரும் துவாரங்களைப் பார்க்க, உடம்பை 45 பாகை சரித்து நிறுத்திச் சாய்வுப் படங்கள் எடுப்பதுண்டு. சிலருக்குக் கழுத்தைக் குனிந்தும் நிமிர்த்தியும் எடுப்பார்கள். இதில் நோயாளி தானாகவே, தன்னால் இயன்ற அளவுக்கு மட்டும் குனிய வேண்டும். வேறெவரும் தலையைப் பிடித்து அழுத்தக்கூடாது. முறிவு இல்லை என்று உறுதிப்படாதவருக்கு இந்தப் படம் எடுப்பதே தவறு.

போகுமுன் கவனிக்க வேண்டியவை

1. உலோகம் நிழல் விழுத்தும். தோடு, சங்கிலி, கொண்டை ஊசி, தாயத்து, செபமாலை, கழற்றக்கூடிய பல்லுச்செற் ஆகியவற்றை அகற்ற வேண்டும். ஆனால் அடிபட்டவரின் தலையை அசைத்து நீங்களாகத் தோடு கழற்றாதீர்கள். வைத்தியசாலை ஊழியர்கள் அதைச் செய்வார்கள்.

2. தாலியைக் கழற்ற மனம் வராத சகோதரிகள் அதை வெளிப்படையாகச் சொல்லலாம். கழுத்தை மறைக்காதபடி நெஞ்சுக்குக் கீழே இறக்கி வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

3. இறுகப் பின்னிய சடையும் றப்பர் வளையமும் நிழல் விழுத்தும். நின்றபடி படம் எடுப்பவர்கள் முடியை அவிழ்த்து உயர்த்தி வையுங்கள்.

4. கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். நோயாளியைப் பிடித்திருக்கக் கர்ப்பிணிகள் அறைக்குள் நிற்கக்கூடாது. வேறு உறவினரை நிற்கச் சொன்னால் ஈய மேலங்கி கேட்டு அணியுங்கள்.

5. போர்க்காலத்தில் உடம்பில் தங்கிய செல் துண்டு உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். எக்ஸ்றேயில் அது குழப்பமான நிழலாக மட்டும் தெரியும். ஆனால் பின்னர் எம்.ஆர்.ஐ. ஸ்கான் தேவைப்பட்டால், அங்குள்ள பலமான காந்தம் இரும்புத் துண்டை உள்ளேயே அசைத்துவிடக் கூடும்.

6. பழைய படங்களையும் கிளினிக் கொப்பியையும் அடையாள அட்டை, காணி உறுதி வைக்கும் அதே பொலித்தீன் பையில் வைத்திருங்கள். இடம் மாறும்போது வேறு வைத்தியசாலையில் முதலிலிருந்து தொடங்க வேண்டி வராது.

கதிர்வீச்சுக்குப் பயந்து சிலர் மறு படத்துக்கு மறுக்கிறார்கள். கழுத்துப் பரிசோதனையொன்றில் உடல் பெறும் கதிர்வீச்சு, நிலத்திலிருந்தும் வானிலிருந்தும் எமக்கு ஒரு மாதமளவில் இயற்கையாகவே கிடைக்கும் அளவுக்கு ஏறத்தாழச் சமமானது. தேவையில்லாமல் எடுக்கக்கூடாதுதான். ஆனால் தேவையான படத்தை விடுவதால் வரும் கேடு அதனிலும் பெரியது.

படம் எல்லாவற்றையும் காட்டாது

எக்ஸ்றே எலும்பைக் காட்டும், முண்ணாணைக் காட்டாது. எலும்புகளைப் பிணைக்கும் நார்களையும் காட்டாது. ஆகவே "படம் நல்லாயிருக்கு" என்ற சொல்லோடு எல்லாம் முடிந்ததென்று எண்ண வேண்டாம். பெரிய வைத்தியசாலைகளில் கடும் அடிபட்ட வளர்ந்தோருக்கு இன்று முதலிலேயே சி.ரி. ஸ்கான் எடுப்பதுண்டு. அது கழுத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பது போலக் காட்டுவதால், தோளின் நிழல் தடையாகாது. அந்த வசதியில்லாத இடங்களில் எக்ஸ்றேயே முதல் துணை. வேறு வைத்தியசாலைக்கு அனுப்பினால் தட்டிக்கழிக்காமல் போக வேண்டும்.

யாருக்குப் படம் கட்டாயம்? சுயநினைவோடு இருக்கும் வளர்ந்தோரைப் பற்றி, கனடா நாட்டு வைத்தியர்கள் 8924 பேரை ஆராய்ந்து 2001 இல் ஒரு விதியை வெளியிட்டார்கள். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர், மூன்றடி உயரத்திலிருந்தோ ஐந்து படிகளிலிருந்தோ விழுந்தவர், கை கால்களில் விறைப்போ ஊசி குத்துவது போன்ற உணர்வோ உள்ளவர் ஆகியோருக்குப் படம் எடுத்தே ஆக வேண்டும் என்று அந்த விதி சொல்கின்றது. மூன்றடி என்பது எமது கிணற்றுக் கட்டின் உயரம். தென்னையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

வைத்தியரிடம் இவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார், தலை முதலில் பட்டதா, இடையில் மயக்கம் வந்ததா, கை கால் விறைக்கின்றதா, சிறுநீர் கழிக்க முடிகின்றதா. கூலி போய்விடும் என்றோ, கடைசி பஸ் போய்விடும் என்றோ அஞ்சி நோவைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். அரச வைத்தியசாலையில் இந்தச் சேவை இலவசம். அங்கே உங்களுக்கு உரிமை உண்டு. ஏன் இந்தப் படம் என்று மரியாதையாகக் கேட்பதற்கும் உரிமை உண்டு.

அந்தக் குடும்பத்தலைவர் மாதக்கணக்கில் கழுத்துப் பட்டியோடு இருந்தார். கூலியில்லாத அந்தக் காலத்தில் அயலவர்களே அரிசியும் மரக்கறியும் கொடுத்துத் தாங்கினார்கள். இன்று அவர் நடமாடுகிறார். மரம் ஏறுவதில்லை, வீட்டைச் சுற்றிக் கத்தரியும் பயிற்றையும் வைத்திருக்கிறார். அவரது மனைவியிடம் இந்த விபரங்களைச் சொன்னபோது, சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்: "அப்ப அந்தத் தம்பி சரியாத்தான் செய்திருக்கிறார். நான் அண்டைக்கு அவரை ஏசிப்போட்டன்."

ஏசியதில் குற்றமில்லை. அவருக்கு எவரும் காரணம் சொல்லவில்லை. இதை வாசிக்கும் நீங்கள் உங்கள் அயலில் மரம் ஏறுபவருக்கும், கிணறு இறைப்பவருக்கும், உழவு இயந்திரம் ஓட்டுபவருக்கும் சொல்லி வையுங்கள். விழுந்தவரை அசைக்காதீர்கள். ஏழு எலும்பும் தெரியும்வரை பொறுத்திருங்கள்.